செதில் இல்லாத மீனுக்குத்தான் வெள்ளைப்புள்ளி வருமா?

நவம்பர் 21, 2023, ஒரு வாசகரின் கேள்வி

நாலடித் தொட்டி. டைகர் பார்ப், ஏஞ்சல், ஒரு சக்கர் எல்லாம் ரொம்ப நாளாக இருக்கின்றன. போன வாரம் க்ளௌன் லோச் வாங்கி விட்டேன். இன்று பார்த்தால் லோச்சின் உடம்பு, துடுப்பு எங்கும் வெள்ளைப் புள்ளி. பழைய மீன் ஒன்றுக்கும் எதுவும் இல்லை. கடையில் கேட்டால், "செதில் இல்லாத மீன் சார், கவசம் கிடையாது, அதுக்குத்தான் முதல்ல வரும்" என்கிறார்கள். நிஜமா? அப்படியென்றால் இனி செதில் உள்ள மீனாகப் பார்த்து வாங்கிவிடலாமே?

நவம்பர் 21, இரவு

கடையில் சொன்னதில் பாதி சரி. க்ளௌன் லோச்சுக்கு வெள்ளைப்புள்ளி சீக்கிரம் வரும், இந்த மீனை வைத்திருந்த எல்லாருக்கும் தெரியும். அதற்குச் சொல்லும் காரணம்தான் இடிக்கிறது.

முதலில், லோச்சுக்குச் செதில் உண்டு. மிகப் பொடியாக, தோலுக்குள் புதைந்து இருப்பதால் கண்ணுக்கும் கைக்கும் தட்டுப்படாது.

இரண்டாவது, செதில் கவசமே ஆனாலும் இந்த ஒட்டுண்ணியைத் தடுக்காது. மீனின் செதில் இருப்பது உள்தோலில். அதன் மேலே உயிருள்ள மெல்லிய மேல்தோல் ஒன்று போர்த்தியிருக்கிறது, அதற்கும் மேலே வழவழப்பு. வெள்ளைப்புள்ளியை உண்டாக்கும் இக்தியோஃப்தீரியஸ் மல்டிஃபிலிஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி (நாம் 'இக்' என்கிறோமே அதுதான்) துளைப்பது அந்த மேல்தோலை மட்டும். செதில் வரை அது போகவேண்டிய அவசியமே இல்லை. மேல்தோலின் அடித்தட்டில் உட்கார்ந்து, சுற்றிச் சுற்றிச் செல்களைத் தின்று கொழுக்கிறது. நாம் பார்க்கும் ஒவ்வொரு புள்ளியும் தோலுக்கடியில் உருளும் ஒரு உயிரி. சாதாரணப் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் வைத்தாலே போதும், உடம்பெல்லாம் மயிரிழை அசைய, நடுவில் லாடம் வடிவத்தில் ஒரு உட்கரு தெரியும். வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

மூன்றாவது, செவுளில் எந்த மீனுக்கும் செதில் கிடையாது. இக் கொல்வது பெரும்பாலும் அங்கே இருந்துதான். உடம்பில் தெரியும் புள்ளி நமக்கு வரும் அறிவிப்பு மட்டுமே.

உங்கள் சக்கரைப் பாருங்கள், உடம்பு முழுக்க எலும்புத் தகடு. அதற்கும் இக் வரும்.

நவம்பர் 22

விளக்கம் சொல்வதற்கு முன்னால் மீனைக் காப்பாற்ற வேண்டுமே, அதைச் சொல்லாமல் விட்டது அநியாயம் என்று ஒருவர் தனியாக எழுதியிருக்கிறார். சரி.

புள்ளியாகத் தெரியும்போது மருந்து அதைத் தொடாது, தோல் காப்பாற்றுகிறது. வளர்ந்து முடிந்ததும் மீனை விட்டு உதிர்ந்து, மணலிலோ செடியிலோ ஒட்டி, கோந்து மாதிரி ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. அதையும் மருந்து தொடாது. கூட்டுக்குள் பிளந்து பிளந்து நூற்றுக்கணக்கில், சமயத்தில் ஆயிரத்துக்கும் மேல் குஞ்சாகி வெளியே வருகிறது. ஓரிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை சாகும். மருந்து கொல்வது இந்தக் குஞ்சுகளை மட்டும். "புள்ளி போயிடுச்சு, மருந்தை நிறுத்திட்டேன், மறுபடி வந்திடுச்சு" என்று எல்லாரும் புலம்புவது இதனால்தான். புள்ளி போனால் தண்ணீரில் இனிமேல்தான் ஆயிரமாக வரப்போகிறது என்று அர்த்தம்.

சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக 30 டிகிரிக்கு ஏற்றுங்கள், ஏர் பம்ப்பைக் கூட்டுங்கள் (சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், செவுள் ஏற்கெனவே புண்). அடி மணலை சைஃபன் பண்ணி எடுங்கள். லோச் சூட்டைத் தாங்கும் மீன்தான். மருந்து போட்டால் லோச்சுக்குப் பாதி அளவில் ஆரம்பிப்பது வழக்கம்.

நவம்பர் 24

"செதில் காரணம் இல்லை என்றால் ஏன் என் பழைய மீனுக்கு வரவில்லை?"

இதுதான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. என் பதில் உங்களுக்குப் பிடிக்காது. இக் உங்கள் பழைய மீனிடமிருந்தே லோச்சுக்கு வந்திருக்கலாம்.

ஒரு தடவை இக் வந்து பிழைத்த மீனுக்கு எதிர்ப்புச் சக்தி வருகிறது, மாதக்கணக்கில் நிற்கிறது. அது வேலை செய்யும் விதம் விசித்திரம். மீனின் வழவழப்பிலும் தோலிலும் இருக்கும் எதிர்ப்பொருள், உள்ளே நுழைந்த குஞ்சின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. குஞ்சு செத்துப்போவதில்லை, தானாகவே கிளம்பி வெளியே போய்விடுகிறது. அடித்துக் கொல்லாமல் வீட்டைக் காலி பண்ண வைக்கும் முறை. இந்த எதிர்ப்பு அரைகுறையாக இருக்கும் மீனில், செவுளுக்குள் ஒன்றிரண்டு ஒட்டுண்ணி கண்ணில் படாமல் வாழ்ந்துகொண்டே இருக்கும். பார்ப்புக்கு ஒன்றும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எதிர்ப்பே இல்லாத ஒரு புது மீனை உள்ளே விட்டதும் அதன் மேல் மொத்தமும் பாயும்.

பையிலேயே வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் "புது மீன் நோயைக் கொண்டு வந்தது" என்று நாம் சொல்லும் கதைகளில் கணிசமானவை "புது மீன் நோயை வாங்கிக்கொண்டது" என்று எனக்குத் தோன்றுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

நவம்பர் 25

"அப்போ மாமியார் வீட்டுக்கு வந்த மருமகள் கதைதானே" என்று கேட்டவருக்கு: ஆமாம், பழியும் மருமகள் மேல்தான்.

நவம்பர் 29

லோச்சுக்கே ஏன் இவ்வளவு சீக்கிரம் என்பதற்கு வருகிறேன்.

க்ளௌன் லோச் சுமத்ரா, போர்னியோ ஆறுகளின் மீன். இந்தோனேசியாவில் ஹார்மோன் ஊசி போட்டுப் பொரிக்க வைக்கிறார்கள், ஆனாலும் ஆற்றில் பிடித்ததே இன்னும் நிறைய வருகிறது. ஆற்றில் பிடித்து, சேர்த்து வைக்கும் தொட்டியில் போட்டு, பட்டினி போட்டு (பைக்குள் கழிவு சேரக்கூடாது என்று), விமானம், இங்கே இறக்குமதியாளர் தொட்டி, கொளத்தூர் மொத்தக் கடை, உங்கள் ஊர்ச் சில்லறைக் கடை, அப்புறம் உங்கள் வீடு. ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் வேறு, சூடு வேறு. டைகர் பார்ப், ஏஞ்சல், கப்பி எல்லாம் சென்னையைச் சுற்றியே, திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில் சிமெண்ட் தொட்டியில் வளர்ந்தவை. அவை ஒரே தண்ணீரில் பிறந்து, ஒரு டெம்போவில் ஏறி இறங்கியவை.

பதற்றமான மீனின் உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். கொஞ்ச நேரத்துக்கு என்றால் பரவாயில்லை. நாள்கணக்கில் ஏறியே இருந்தால் நோயெதிர்ப்புச் செல்கள் குறையும். மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான், அதனால் தண்ணீர் சில்லிட்டால் எதிர்ப்புப் பொருள் உண்டாகும் வேகமும் மந்தமாகும். லோச்சுக்கு 26-க்கு மேல் இருந்தால்தான் சுகம். கார்த்திகை மழையில் ஹீட்டர் இல்லாத தொட்டி எவ்வளவுக்கு இறங்கும் என்று தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்கள். நம் ஊரில் வெள்ளைப்புள்ளிப் புகார் இந்த மாதங்களில் குவிவது அதிசயம் இல்லை.

இன்னொன்று, என் கண்ணால் பார்த்தது, ஆதாரம் கேட்காதீர்கள். லோச் ஒரு பானைத் துண்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்துக்கொண்டு படுக்கும் பழக்கமுள்ளது. ஒட்டுண்ணி கூடு கட்டும் தரையில், குஞ்சு வெளியே வரும் இடத்தில், கூட்டமாக ஒரே மூலையில். ஏஞ்சல் நடுத்தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும்.

டிசம்பர் 3

இதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். "செதில் இல்லாத மீன் மென்மையானது" என்ற பேச்சு எங்கிருந்து வந்திருக்கும்? மருந்திலிருந்து என்று நினைக்கிறேன். செம்பு கலந்த மருந்து, மலக்கைட் கிரீன் இரண்டும் லோச், சில கெளுத்தி வகைகளைச் சீக்கிரம் தாக்கும். அதனால் புட்டியிலேயே பாதி அளவு போடச் சொல்லி எழுதியிருப்பார்கள். லோச்சுக்கு நோய் வருகிறது, முழு அளவு மருந்து போடுகிறார்கள், மீன் சாகிறது, பழி செதிலுக்குப் போகிறது. மருந்து தாங்காதது ஒன்று, ஒட்டுண்ணி பிடிப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறோம்.

தோல் காரணமே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. வழவழப்பு எவ்வளவு தடிமன், அதில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வரும். நான் ஒப்புக்கொள்ளாதது செதிலை மட்டும்.

டிசம்பர் 10

கப்பி வளர்ப்பவர் ஒருவர் கேட்டது: "வாய்க்காலில் பிடித்த கப்பி எதற்கும் சாவதில்லை, ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிய ஜோடி ஒரு வாரத்தில் போய்விடுகிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

இங்கே இனத்தை விட்டுவிட்டுக் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நிறம் நிற்க வேண்டும் என்று அண்ணன் தங்கையையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால், நிறத்தோடு சேர்ந்து மற்றதும் ஒரே அச்சாகிவிடும். ஒட்டுண்ணியை அடையாளம் காணும் மரபணுக்களில் எவ்வளவு வகை இருக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு. எல்லா மீனுக்கும் ஒரே பூட்டு என்றால் ஒரு சாவி போதும்.

கப்பியைப் பிடிக்கும் கைரோடாக்டைலஸ் என்ற தட்டைப்புழு இதற்குத் தோதான ஆள். அது முட்டை போடாது, குட்டி போடும். அந்தக் குட்டியின் வயிற்றில் பிறக்கும் முன்பே அடுத்த குட்டி வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு மீனிலிருந்து இன்னொன்றுக்கு உரசினாலே போகும். டிரினிடாட் ஆறுகளில் இருக்கும் காட்டுக் கப்பியிலும் இது உண்டு. பிடித்த ஆண் மீனின் ஆரஞ்சு நிறம் மங்கும், பெண் மீன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பெண் கப்பி நம்மை விட நல்ல டாக்டர்.

கலப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் மெக்சிகோவின் சொனோரா பகுதி. பாலைவன ஓடைகளில் பொயிசிலியாப்சிஸ் என்று ஒரு பொடி மீன், கப்பிக்குச் சொந்தக்காரன். ஒரே குட்டையில் ஆண் பெண் சேர்ந்து பெருகும் வகையும் இருக்கிறது, தாயின் நகலாகவே பெண் குட்டிகளைப் போடும் வகையும் இருக்கிறது. இவற்றின் தோலில் ஒரு புழுவின் இளம்பருவம் கரும்புள்ளியாக உட்காரும். எண்ணிப் பார்த்தால், குட்டையில் எந்த நகல் அதிகமோ அதன் மேல்தான் கரும்புள்ளி அதிகம். ஒட்டுண்ணி எங்கும் மலிந்து கிடக்கும் பூட்டுக்குத்தான் சாவி செய்கிறது. ஒரு குட்டையில் மட்டும் தலைகீழ். அது வறட்சியில் காய்ந்து, பிறகு விரல்விட்டு எண்ணக்கூடிய மீன்களால் மறுபடி நிரம்பிய குட்டை. அங்கே இணைசேரும் வகை தனக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து வேறுபாடு இழந்துவிட்டது, அதன் மேல்தான் புள்ளி அதிகம். வேறு இடத்துப் பெண் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். சில தலைமுறையில் புள்ளி குறைந்தது. 1990-ல் நேச்சர் இதழில் வந்தது இது.

அதனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வேறு வளர்ப்பாளரிடம் அதே ரகத்தில் ஆண் மீன் மாற்றிக்கொள்ளுங்கள். நிறம் கொஞ்சம் குழம்பலாம், குழம்பட்டும்.

டிசம்பர் 11

நேற்று எழுதியதைப் படித்தவர்கள் எல்லாவற்றையும் 'இன்ப்ரீடிங்' தலையில் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கொஞ்சம் நில்லுங்கள்.

நார்வே சாலமன் கதை வேறு விதம். 1970-களில் பால்டிக் பக்கத்து மீனோடு கைரோடாக்டைலஸ் சலாரிஸ் என்ற புழு நார்வேக்குள் வந்தது, 1975-ல் கண்ணில் பட்டது. நார்வே ஆற்றுச் சாலமன் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. ரோட்டினோன் என்ற மீன்கொல்லி மருந்தை விட்டு ஆற்றிலுள்ள மீனையே காலி செய்ய வேண்டிய நிலை. பால்டிக் சாலமனுக்கு இதே புழுவோடு நெடுங்காலப் பழக்கம், பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. இரண்டும் ஒரே இனம். நார்வே மீன் உறவுக்குள் கலந்து பலவீனமானது அல்ல, காட்டில் ஓடிய ஆரோக்கியமான மீன். அது இந்தப் புழுவைச் சந்தித்ததே இல்லை, அவ்வளவுதான்.

நம் தொட்டியில் ஆப்பிரிக்க மீனையும் அமேசான் மீனையும் சுமத்ரா மீனையும் ஒன்றாக விடுகிறோம். ஒவ்வொன்றும் மற்றதன் ஊர் ஒட்டுண்ணியை முதன்முறையாகச் சந்திக்கிறது.

இன்னும் ஒன்று: டிவார்ஃப் கௌராமி சாவதை எல்லாம் ஒட்டுண்ணிக் கணக்கில் எழுதாதீர்கள். அதில் நிறைய வைரஸ், இரிடோவைரஸ். மருந்துக் காசு வீண்.

டிசம்பர் 27

கடல் தொட்டிக்காரர்கள் வந்துவிட்டார்கள். நல்லது, செதில் விவாதத்தை முடிக்க அவர்களிடம் தடயம் இருக்கிறது.

கடலில் வெள்ளைப்புள்ளி வேறொரு உயிரி, கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ். பார்க்க இக் மாதிரியே, ஆனால் நெருங்கிய உறவு இல்லை. ப்ளூ டேங் கடல் தொட்டியின் க்ளௌன் லோச் என்று சொல்லலாம், எதிலும் முதல் பலி அதுதான். அதற்குச் செதில் உண்டு. மண்டாரின் மீனுக்குச் செதிலே கிடையாது, ஒரு பொட்டுக்கூட. அதற்குத்தான் இந்த நோய் அபூர்வம். கெட்டியான, கெட்ட ருசியுள்ள சளி போன்ற வழவழப்பு அதன் மேல் முழுக்க இருக்கிறது. சுறா, திருக்கை வகைகளும் தப்பித்துக்கொள்கின்றன. கடைக்காரருக்கு அனுப்ப இந்த ஒரு மண்டாரின் போதும்.

இன்னொரு சங்கதி. கிரிப்டோகாரியான் மீனை விட்டு உதிர்வதும் கூட்டிலிருந்து குஞ்சு வெளியே வருவதும் பெரும்பாலும் இருட்டில், விடியலுக்கு முன். பகலெல்லாம் நீந்தித் திரியும் மீன் அந்த நேரத்தில் பாறை இடுக்கில் அசையாமல் தூங்குகிறது. மீன் எங்கே, எப்போது படுக்கிறது என்பதும் ஒரு காரணம் என்று நவம்பர் 29-ல் லோச்சைப் பற்றி ஆதாரமில்லாமல் சொன்னேனே, அதற்குக் கடலில் கொஞ்சம் தெம்பு கிடைக்கிறது. இக்குக்கும் அப்படியே பொருந்துமா என்பது தனி விஷயம்.

கடல் க்ளௌன் மீனுக்கு (க்ளௌன் லோச் வேறு) வேறொரு தலைவலி, புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி. தோல் உரிந்து சளியாகத் தொங்கும், சீக்கிரம் கொல்லும். கடலில் பிடித்துத் திணித்து அனுப்பிய மீனில்தான் அதிகம். மண்டபத்தில் சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) நிலையம் க்ளௌன் மீனைத் தொட்டியிலேயே பொரிக்க வைக்கும் முறையை உருவாக்கி வெகு காலமாகிறது. பண்ணைக் குஞ்சு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஜனவரி 8, 2024

"ஆற்று மீனுக்கு ஒட்டுண்ணியே இருக்காதா?"

இருக்கும், நம் மீனை விட அதிக வகை இருக்கும். பிடித்து அறுத்துப் பார்த்தால் குடலில் ஒன்று, செவுளில் இரண்டு, கண்ணில் ஒன்று என்று ஏழெட்டு ரகம், ஒவ்வொன்றிலும் கொஞ்சம். அதில் பல ரகத்துக்கு ஒரு நத்தை வேண்டும், அப்புறம் மீன், அப்புறம் அதைத் தின்னும் கொக்கு. தொட்டியில் கொக்கு இல்லை, சங்கிலி அறுந்துவிடும். மிஞ்சுவது மீனிலிருந்து மீனுக்கு நேராகப் போகும் ரகங்கள்: இக், தட்டைப்புழு, வெல்வெட் (பொன் தூசு மாதிரி உடம்பில் படியும் ஒட்டுண்ணி). விடுதியில் ஒருவனுக்கு மெட்ராஸ் ஐ வந்த கதை. ஆற்றில் உதிர்ந்த ஒட்டுண்ணிக் குஞ்சை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். தொட்டியில் எங்கே திரும்பினாலும் அதே லோச்.

காமலேனஸ் புழு இதில் கெட்டிக்காரன். பொதுவாக நீர்ப்பூச்சி வழியாகத்தான் அடுத்த மீனுக்குப் போக வேண்டும். தொட்டியில் பூச்சி இல்லையென்றால் நேராகவே மீனிலிருந்து மீனுக்குத் தொற்றிக்கொள்ளும். கப்பி, மோலியின் ஆசனவாயில் சிவப்பு நூல் நாலைந்து நீட்டிக்கொண்டு நிற்கும், மீன் அசையாமல் இருந்தால் வெளியே வரும், நீந்தினால் உள்ளே போகும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். லெவமிசோல் என்ற புழு மருந்துக்குக் கேட்கும்.

பீ பஃபர் வைத்திருப்பவருக்கு: அது கேரளத்து ஆற்று மீன், காட்டில் பிடித்தது, நத்தையும் புழுவும் தின்று வாழ்ந்தது. வயிறு ஒட்டி வந்தால் பசி என்று மட்டும் நினைக்காதீர்கள், குடலுக்குள் யாராவது இருக்கிறார்கள். அதன் விஷயத்தில் தோலைப் பார்ப்பதில் பயனில்லை, அது தின்றதைப் பார்க்க வேண்டும்.

தங்கமீனின் செதில் தூக்கியிருக்கிறது என்று படம் அனுப்பியவருக்கு: அதில் ஒட்டியிருப்பது 'செதில் தூக்கினது' இல்லை, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆர்குலஸ், மீன் பேன். வட்டத் தகடு, கண்ணாடி மாதிரி உடம்பு, இரண்டு கறுப்புக் கண், அடியில் இரண்டு உறிஞ்சி. சாமணத்தால் தொட்டால் செதில் மேலேயே வழுக்கி ஓடும். ஆந்திரக் கெண்டைப் பண்ணைகளில் இதுதான் பெரிய தொல்லை, அங்கேயும் ஒரே குளத்தில் கட்லாவை விட ரோகுவையே அதிகம் பிடிக்கிறது. இரண்டுக்கும் செதில் பெரியது. இதையும் உங்கள் கடைக்காரருக்குச் சொல்லுங்கள்.

ஜனவரி 9

ஃபைட்டர் மீனுக்கு வெல்வெட் வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்ற கேள்விக்குச் சுருக்கமாக. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். உடம்பில் பொன் தூசு மாதிரி மினுங்கினால் வெல்வெட். அந்த உயிரி பாதி பாசி போல வெளிச்சத்தில் சாப்பாடு தயாரித்துக்கொள்ளும், அதனால் மருந்தோடு தொட்டியைத் துணி போட்டு மூடுவார்கள்.

ஜனவரி 20

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். இரண்டு லோச் போனது, மீதி பிழைத்தது, புள்ளி இல்லை, இன்னும் இரண்டு வாங்கலாமா என்கிறார்.

வாங்கலாம், நேராக அந்தத் தொட்டியில் விடாதீர்கள். பிழைத்தவை இப்போது உங்கள் பார்ப் மாதிரி ஆகிவிட்டன, எதிர்ப்பு இருக்கிறது, செவுளில் ஒன்றிரண்டு இருக்கவும் கூடும். புதியவற்றைத் தனித் தொட்டியில் 28 டிகிரியில் நாலு வாரம் வையுங்கள், ஒளிய ஒரு பானைத் துண்டு கொடுங்கள், நன்றாகத் தின்று வயிறு உருளட்டும். அப்புறம் பழைய தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் தனித் தொட்டியில் விட்டு, இரண்டு வாரம் புள்ளி வருகிறதா பாருங்கள். வந்தால் அங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், தெம்பாக இருக்கும்போது வருவது பயண அலுப்பில் வருவதை விட எவ்வளவோ மேல். கடல் தொட்டி என்றால் இந்தக் கணக்கு போதாது. கிரிப்டோகாரியான் கூடு சில நாளில் திறப்பதும் உண்டு, நாலு வாரம் தாண்டித் திறப்பதும் உண்டு, தொட்டியை மீன் இல்லாமல் 76 நாள் சும்மா போடுபவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு தொட்டிக்கும் ஒரே வலை வேண்டாம். ஒரே வலைதான் இருக்கிறது என்றால் வெயிலில் மொடமொட என்று காயவிட்டு எடுங்கள், இக் கூடு காய்ந்தால் செத்துவிடும். வாளிக்கும் அதேதான்.